பசியின் விலாசம்

கோச்சடை வீட்டில் என் அப்பத்தா சாப்பாட்டை நிறுத்தியது ஒரு சித்திரை மாதத்தில். காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். காய்ச்சல் போனது, நடமாட்டம் வந்தது, பசி மட்டும் திரும்பி வரவில்லை. தட்டை வைத்தால் பார்ப்பாள், கை வைக்கமாட்டாள். "பசிக்கலப்பா" என்பதோடு சரி. "ஒரு வாய் வாங்கிக்கத்தா" என்று அப்பா கெஞ்சுவார். மூன்றாம் நாளே கெஞ்சல் அதட்டலாகிவிட்டது. "வீம்புக்குப் பட்டினி கெடக்குறா" என்றாள் அத்தை. யார் பேச்சில் மனசு புண்பட்டது, எந்த மருமகள் முகம் சுளித்தாள் என்று வீடே விசாரணைக் கமிஷன் ஆனது. நானும் அதில் ஒரு உறுப்பினன். ஆனி பிறக்குமுன் போய்விட்டாள்.

சாப்பிடுவது நம் முடிவு, சாப்பிடாமலிருப்பது நம் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை அசைத்தது, பல வருஷம் கழித்து வாசித்த ஒரு எலிக் கதை.

கதையின் நாயகர் பால் கிருஷ்ண ஆனந்த். 1917இல் லாகூரில் பிறந்தவர், டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியர். ராக்ஃபெல்லர் நிதியுதவியில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஜான் புரோபெக்கோடு சேர்ந்து வேலை செய்தார். அதற்கு முன்பே பாதி விடை கிடைத்திருந்தது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சின்னப் பகுதி. 1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளில் அதன் நடுப்பக்கத்தைக் கொஞ்சம் சிதைத்தார்கள். எலிகள் பூதமாய்ப் பெருத்தன. அவை தின்று தின்றே பெருத்தன என்று புரோபெக்கும் சகாக்களும் காட்டினார்கள். 'போதும்' என்று சொல்லும் இடம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதை வாசித்தபோது மணிமேகலையில் வரும் காயசண்டிகை ஞாபகம் வந்தாள். முனிவரின் சாபத்தால் 12 ஆண்டுகள் யானைத்தீ என்னும் தீராப் பசியில் எரிந்தவள். அவள் பசியை ஆற்றிய அமுதசுரபி, ஆபுத்திரன் கைக்கு வந்தது எங்கள் மதுரையில், சிந்தாதேவி கோயிலில். பசியை நோய் என்று பார்க்கும் கண் சாத்தனாருக்கு இருந்திருக்கிறது. ஆனாலும் அந்த நோய்க்குக் காரணம் என்று அவர் எழுதியது, முனிவரின் நாவல்பழத்தை அவள் காலால் சிதைத்த குற்றத்தைத்தான். நாங்கள் வீம்பு என்று எழுதிக்கொண்டோம். பெரிய வித்தியாசமில்லை.

ஆனந்த் கை வைத்தது அதே மட்டத்தில், இன்னும் சற்று வெளிப்பக்கமாக. தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் பொருத்தி, மின்முனையை இறக்கி, இரண்டு பக்கமும் கடுகளவு இடத்தை மின்சாரத்தால் பொசுக்கினார்கள். விழித்த எலிகள் தின்னவில்லை. எதிரிலேயே தீவனம் இருந்தது. குடல் நன்றாக இருந்தது. தின்பது என்ற காரியம் மட்டும் அவற்றின் உலகத்திலிருந்து கழன்றுபோயிருந்தது. பட்டினியிலேயே செத்தன. 1951இல் இதை வெளியிட்டபோது அந்த இடத்துக்கு 'உணவு மையம்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனந்த் அங்கேயே தங்கிவிடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். திரும்பி வந்தார். 1956இல் டெல்லியில் எய்ம்ஸ் தொடங்கியபோது அதன் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். சீனா, பல்தேவ் சிங் ஆகியோரோடு சேர்ந்து அடுத்த கேள்விக்குப் போனார்: வயிறு நிறைந்தது அந்த அணுக்களுக்கு எப்படித் தெரிகிறது? ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் 'போதும்' மையத்தின் மின்துடிப்பு கூடுகிறது, 'உண்' மையத்தில் குறைகிறது என்று 1962இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். (யோகிகளின் மூளை அலைகளை ஆராய்ந்ததும் இதே குழுதான். நம் ஊரில் ஆனந்த் பெயர் யாருக்காவது தெரிந்தால் அதனால்தான் தெரியும். சோறு சம்பந்தப்பட்டது நமக்குப் போதவில்லை போல.)

மையம் என்ற சொல் பிறகு அடி வாங்கியது. அந்த வழியே போகும் டோபமைன் நரம்பிழைகளை மட்டும் அறுத்தாலும் எலி தின்னாது என்று 1971இல் ஸ்வீடனின் உங்கர்ஸ்டெட் காட்டினார். ஆனந்த் பொசுக்கியது வீட்டையா, வீட்டு வழியே போன வயரையா என்று சண்டை நடந்தது. இன்றைக்குப் பேச்செல்லாம் ஒரு இடத்தைப் பற்றியல்ல, குறிப்பிட்ட அணுக்களைப் பற்றி. ஹைப்போதலாமஸின் அடியில் ஏஜிஆர்பி என்றழைக்கப்படும் நியூரான்கள் உண்டு. 2005இல் வளர்ந்த சுண்டெலிகளில் இவற்றை அழித்தபோது அவை தீனியை விட்டன. 2011இல் ஒளியைப் பாய்ச்சி இவற்றைத் தூண்டியபோது வயிறு நிறைந்த சுண்டெலிகூட சில நிமிடங்களில் தின்னத் தொடங்கியது. 2015இல் தெரியவந்தது இன்னும் வினோதம்: பசித்த சுண்டெலி உணவைக் கண்டதுமே, முதல் வாய் எடுக்குமுன்பே, இவை அடங்கிவிடுகின்றன. இலை போட்டுச் சோறு விழும் சத்தத்திலேயே பாதிப் பசி ஆறியதாக நாம் சொல்வது வெறும் பேச்சல்ல.

அப்பத்தாவின் மூளையில் என்ன நடந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அவள் எலியும் இல்லை. காய்ச்சல் மூளையின் பசிக் கணக்கை மாற்றும், முதுமையும் மாற்றும். இத்தனையும் சாத்தியம் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

ஒரு ஆய்வை மட்டும் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. 1954இல் டைட்டல்பாமும் ஸ்டெல்லாரும், ஆனந்தின் எலிகளைப் போலவே ஆக்கிய எலிகளுக்குக் குழாய் வழியாக ஊட்டி உயிரோடு வைத்திருந்தார்கள். நாள்கள் போக, மெல்ல மெல்ல அவை தாமாகத் தின்னத் தொடங்கின. எடுத்த உடனே உலர்ந்த தீவனத்தை அல்ல. நனைந்த, ருசியான ஏதாவது, பால், சாக்லேட் மாதிரி. அதை மட்டும் ஏற்றன.

கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் மேலக்கால் ரோட்டில் பருத்திப்பால் வண்டி வந்தது. அத்தை ஒரு டம்ளர் வாங்கி வந்து நீட்டினாள். அப்பத்தா மூன்று மடக்கு குடித்தாள்.

"பாத்தியா? வேணும்னா குடிக்கத் தெரியுது" என்றாள் அத்தை. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.