பூவின் உட்புறம் கண்ட ஓவியர் இருவர்

முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் வழியில் எருக்கஞ்செடிக்குப் பஞ்சமில்லை. விநாயக சதுர்த்தியன்று மட்டும் அதன் பூவுக்கு மதிப்பு. மற்றைய நாட்களில் அதனை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. அம்மலரைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நோக்குங்கள். நடுவே ஐந்து பிரிவுள்ள கிரீடம். அதனுள்ளே ஐங்கோணத் தலை. அதன் இடுக்குகளில் மகரந்தம் பொடியாக இராமல், மெழுகுபோன்ற இரு பைகளாக, கரியதொரு முடிச்சினால் பிணைக்கப்பட்டிருக்கும். தேன் பருக வரும் கருவண்டின் கால் இடுக்கிற் சிக்கும். அது காலை இழுக்கும்போது பைகளும் உடன் வந்துவிடும். பெரும்பூசை நடக்கும் பூவிலே இத்தனை சூழ்ச்சி!

இத்தகைய நுட்பங்களை இன்று காமிராக்கள் நெருங்கி நின்று படம் பிடிக்கின்றன. இத்துறையில் முன்னோடியாகப் பேசப்படுபவர் பெர்லின் நகரத்துக் கைவினைக் கல்லூரி ஆசிரியர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். மொட்டுகளையும் பெரணியின் சுருள்களையும் பன்மடங்கு பெருக்கி அவர் எடுத்த 120 படங்கள் 1928-இல் நூலாயின. மாணவர் தம் வேலைப்பாட்டுக்கு இயற்கையிலிருந்து வடிவம் கற்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். மல்லிகை மொட்டையும் மயிற்கண்ணையும் கட்டத்தாளில் அடக்கிச் சேலையில் ஏற்றும் காஞ்சி நெசவாளருக்கு இது புதுப்பாடமன்று.

ஆனால் அந்நூலுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே, சென்னை மாகாணத்தில் பூவைப் பிளந்து உறுப்புறுப்பாகப் பெரிதாக்கித் தீட்டிய ஓவியர் இருவர் இருந்தனர். ஒருவர் ரங்கையா; மற்றவர் கோவிந்து.

கும்பினியின் மருத்துவராக 1819-இல் இந்நாட்டிற்கு வந்த இராபர்ட் வைட், 1826-இல் சென்னை அரசின் இயற்கைநூல் அறிஞராக அமர்ந்தார். அதுமுதல் ஏறக்குறைய 1845 வரை ரங்கையா அவருக்காக வரைந்தார். பின்னர் கோவிந்து தொடர்ந்தார். எருக்கின் குடும்பத்தில் வைட்டுக்குத் தனி ஈடுபாடு உண்டு. 1834-இல் அதுபற்றி எழுதியும் வெளியிட்டார். அவரே கல்லச்சுக் கலையைப் பயின்று, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் அடங்கிய பெருநூலைச் சென்னையில் அச்சேற்றினார். இதற்கிடையே கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசாங்க வேலையும் அவர் தலையில் இருந்தது.

காமிராவுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. மலரை மிக நெருங்கினால் அதன் ஒரு தளமே தெளிவாக விழும். முன்னும் பின்னும் மங்கிவிடும். ஆதலால் இக்காலத்தில் பல படங்களை எடுத்துக் கணிப்பொறியால் ஒன்றாக்குகின்றனர். ஓவியர் கை இதனைக் கணிப்பொறியின்றியே செய்தது. மொட்டு, விரிந்த மலர், குறுக்கே அரிந்த சூலகம், காய், விதை ஆகியவற்றை ஒரே தாளில் காட்டினார்கள். எந்த ஒரு செடியிலும் எந்த ஒரு நாளிலும் இவை எல்லாவற்றையும் ஒருங்கே காண்பது அரிது. படம் எடுப்பதற்கும் வரைவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாக விளக்க இயலாது என்பது என் எண்ணம்.

சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி 1795 முதல் வெளிவந்த இராக்ஸ்பரோவின் நூலும் நம் நாட்டு ஓவியர் கைவண்ணமே. ஆயினும் அவர்களுடைய பெயரை நாம் அறியோம். வைட் அவ்வாறு செய்யவில்லை. பல படங்களின் அடியில் ரங்கையா, கோவிந்து என்று வரைந்தவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அதற்கும் மேலாக, 1853-இல் ஓர் ஆர்க்கிட் செடிக்குக் 'கோவிந்தூயியா' என்றே பெயர் சூட்டினார். கூலி வாங்கி வரைந்த சித்திரக்காரர் ஒருவரின் பெயர் ஒரு தாவரப் பேரினத்துக்கு வாய்த்தது!

அப்பெயர் நிலைக்கவில்லை. அச்செடி, 1833-இலேயே லிண்ட்லி பெயரிட்டிருந்த டிராபிடியா பேரினத்தைச் சேர்ந்ததென்று பிற்கால அறிஞர் கண்டனர். முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரவியலார் விதி. அதில் தவறு காண இடமில்லை. கோவிந்தூயியா இன்று நூல்களில் வழக்கொழிந்த பெயர்களின் வரிசையில் நிற்கிறது. ஓவியங்களோ எடின்பரோ அரசுத் தாவரத் தோட்டத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அங்குப் பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி, 2007-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே வைட்டின் பெயருடன் ரங்கையா, கோவிந்து ஆகிய இருவர் பெயரையும் சேர்த்து அச்சிட்டார்.