சோம்பு

சென்னை நந்தனத்து மளிகைக் கடையில் சோம்பு. தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் பெருஞ்சீரகம். பொருள் ஒன்றே. சோம்பலுக்கும் இதற்கும் உறவில்லை. இந்தி சோன்ஃபும் தெலுங்கு சோம்பும்தான் இதன் உறவினர். மூலம் வடமொழிச் சதபுஷ்பம், அதாவது நூறு பூ, என்பர். கார்த்திகைக் குளிர்ச்சியில் மாடித் தொட்டியில் விதைத்து, குடையாய் விரியும் மஞ்சள் பூங்கொத்தைப் பார்த்தவருக்கு அந்தப் பெயரின் அருமை புரியும். விதை என்கிறோம்; உண்மையில் அது காய்ந்த கனி.

பெருஞ்சீரகத்தில் உள்ள சீரகத்தைச் சீர் + அகம் என்று பிரிப்பது அழகுதான். ஆனால் அது வடமொழி ஜீரகம். ஜீரணத்தோடு ஒரே வேர் என்பார்கள். சோம்பின் லத்தீன் பெயரான ஃபெனிகுலத்துக்குச் சிறு வைக்கோல் என்று பொருள். இவ்வளவு மணத்துக்கு எத்தனை ஏழைப் பெயர்! மசால்வடைக்கு முழுதாகப் போடுங்கள். குருமாவுக்குத் தேங்காயோடு அரையுங்கள்.