தலையணை லேஸும் குரோஷாவும்: நாகர்கோவிலிலிருந்து தாம்பரத்துப் பெட்டிகள் வரை

குமரி, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து தாம்பரம், சேலையூர், பல்லாவரத்தில் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் பழைய லேஸ் துணி ஒன்றாவது இருக்கும். பாட்டியின் கல்யாண நெட்டு, குழந்தையின் ஞானஸ்நான அங்கி, மேசை விரிப்பு என்று. எல்லாமே குரோஷாதான் என்று இன்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் தென்கோடிக்கு முதலில் வந்தது வேறொரு வேலை.

லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவில் வந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர். சில ஆண்டுகளுக்குள் மார்த்தா பெண்களுக்குக் கற்றுத்தந்தது தலையணை லேஸ். கெட்டியான தலையணையில் குத்தூசிகளை நட்டு, கட்டைகளில் சுற்றிய பல நூல்களை முறுக்கியும் குறுக்கே போட்டும் பின்னுவது. இதே காலத்தில் இங்கிலாந்தில் இவ்வேலை தேய்ந்துகொண்டிருந்தது. ஜான் ஹீத்கோட்டின் வலை நெய்யும் இயந்திரம் வந்துவிட்டது. 1816இல் அவருடைய லஃப்பரோ ஆலையை, இயந்திரங்களை எதிர்த்த லட்டைட்டுகள் உடைத்தார்கள். அங்கே கூலி இழந்த கைத்தொழில் இங்கே கூலி தேடித்தந்தது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் லேஸ் வருமானத்தில் தங்களையே மீட்டுக்கொண்டதை மிஷன் எழுத்துகள் பெருமையோடு சொல்கின்றன. அந்தப் பெருமையை மிஷன் எடுத்துக்கொள்ளட்டும். பணத்தைச் சம்பாதித்தது அந்தப் பெண்களின் விரல்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, 1851இல், நாகர்கோவில் லேஸ் லண்டன் பெருங்கண்காட்சிக்குப் போயிருந்தது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் இத்தொழிலை வளர்த்தார்.

குரோஷா வந்த வழி வேறு. 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் அது அங்கே ஏழைகளின் பிழைப்பாயிற்று. இந்தியாவில் அதன் பெரிய களம் ஆந்திரத்தின் நரசாபுரம். வீட்டோடு செய்வதால் அந்த உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படவில்லை என்று சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளிவந்த நூலில் காட்டினார். அதே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கொக்கி ஊசியும் நூல்கண்டும் போதும் என்பதால் குரோஷா வீடுகளுக்குள் எளிதாகப் புகுந்தது. தலையணையும் கட்டைகளும் கேட்கும் வேலைக்கு அது முடியவில்லை.

பழுதுபார்க்க இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். பூதக்கண்ணாடியில் சங்கிலிக் கண்ணிகள் தெரிந்தால் குரோஷா. அதில் ஓடுவது ஒரே நூல், அறுந்த இடத்தைச் சுற்றிக் கண்ணிகள் நெகிழும். அவற்றை முதலில் மெல்லிய நூலால் பிடித்துக் கட்ட வேண்டும். துணி நெசவுபோல நூல்கள் ஒன்றையொன்று தாண்டினால் தலையணை லேஸ். அறுந்த நூல் போன பாதையிலேயே ஊசியால் புதுநூலைக் கொண்டுபோக வேண்டும். இதில் கொக்கியால் கண்ணி போட்டு அடைத்தால் பூவேலை சுருங்கி இழுக்கும்.

துவைப்பதில்தான் பெரிய சேதம். நம் புறநகர்ப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அதன் உப்பு இழையில் தங்கும். ஆர்ஓ தண்ணீர் நல்லது. டிரங்குப் பெட்டியின் துருக்கறை மீது பிளீச்சிங் பவுடர் பட்டால் அந்த இடம் இற்றுப்போகும், இரும்பு அந்தச் சிதைவை விரைவுபடுத்துவதால். கஞ்சி போட்டு வைத்தால் பூச்சி வரும். துணியை வலைமேல் கிடத்தி நனைத்து, தட்டையாகவே உலர்த்தி, மடிக்காமல், துவைத்த மல் துணியோடு உருளையில் சுற்றி வைக்கலாம். மிகவும் நைந்ததைப் பின்னிச் சரிசெய்வதைவிட, மல் துணியின் மேல் பரப்பி அங்கங்கே தைத்துவைப்பதே மேல்.