பேரிளம்பெண்ணுக்குப் பின்

உலா இலக்கியம் பயின்றோர் எழுவகைப் பருவ மகளிரை அறிவர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அப்பருவங்கள். 5 வயதில் தொடங்கும் அவ்வரிசை, பொதுவாக வழங்கும் கணக்கின்படி, பேரிளம்பெண்ணின் 40-ஆம் வயதோடு முடிந்துவிடுகின்றது. இலக்கணம் நின்றாலும் வாழ்க்கை நிற்பதில்லை. பெரும்பாலான மகளிர்க்கு 45 முதல் 55 வயதிற்குள் மாதவிடாய் நின்றுவிடும். அதற்குப் பின்னரும் அவர்கள் வாழ்நாளில் மூன்றிலொரு பங்கு எஞ்சியிருக்கக்கூடும். அப்பருவத்தை மருத்துவ உலகம் புரிந்துகொண்ட வரலாறு நேரிய பாதையில் நடந்த ஒன்றன்று. தவறுகளும் திருத்தங்களும் நிறைந்தது.

மாதவிடாய் ஒரு வயதிற்குமேல் நிற்கும் என்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். பெரும்பாலோர்க்கு அது 40 வயதளவில் நிற்கும் என்றும், சிலர்க்கு 50 வரை நீடிக்கும் என்றும் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். 12 வயதில் தொடங்கி 50-இல் ஓயும் என்பது வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதையின் கூற்று. ஆயினும், அதனைத் தனியொரு பொருளாக எடுத்து ஆராயும் முயற்சி பிற்காலத்திலேயே தோன்றியது. பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1821-இல் வெளியிட்ட தம் நூலில் ‘மெனோபாஸ்’ என்னும் சொல்லை வழங்கினார். மாதம், நிறுத்தம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

பெயர் கிடைத்தது, தெளிவு கிடைக்கவில்லை. 1857-இல் இலண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட் இம்மாற்றத்தைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார். மகளிர் கூறிய துன்பங்களைத் தொகுத்து எழுதியது அவர்தம் நற்பணியே. எனினும், அக்கால மருத்துவம் இப்பருவத்தை உடலையும் மனத்தையும் தாக்கும் பெருங்கேடாகவே கண்டது. நடுவயதில் தோன்றும் கடுஞ்சோர்வைத் தனியொரு மனநோயாக வகைப்படுத்தும் வழக்கமும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலிருந்து அந்நோய்ப்பெயர் 1980-இல்தான் நீங்கியது.

உண்மைக் காரணம் 20-ஆம் நூற்றாண்டில் விளங்கலாயிற்று. 1929-இல் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும் செருமனியில் அடால்ஃப் பூட்டனான்டும் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒன்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். சூலகத்தில் சினைமுட்டைகள் அருகுங்கால் இந்த ஹார்மோனின் சுரப்பும் குறைகின்றது. மூளையில் உடல்வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதி அதனால் தடுமாறுகின்றது. உடலில் திடீரென அனல் பரவுதல், வியர்வை, உறக்கமின்மை ஆகியவை தோன்றுவதற்கு இத்தடுமாற்றம் முதன்மையான காரணம். எலும்பின் வலுவும் குறைகின்றது. பெண்ணின் கற்பனையோ மனக்கோளாறோ இத்துன்பங்களுக்குக் காரணமன்று என்பது இதனால் உறுதியாயிற்று.

சினையுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966-இல் இராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர், இம்மருந்தினால் பெண்மை என்றும் நிலைக்கும் என்று பறைசாற்றி நூல் எழுதினார். மாதவிடாய் நிறைவை ஒரு குறைபாட்டு நோய் என்றார். நூல் பல்லாயிரக்கணக்கில் விற்றது, மருந்தும் விற்றது. ஆனால் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொண்ட மகளிரிடம் கருப்பை உட்படலப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1975-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டோஜன் என்னும் மற்றொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கும் முறை அதன்பின் பரவியது.

அடுத்த திருப்பம் 2002-இல் நேர்ந்தது. 16,608 அமெரிக்க மகளிர் பங்கேற்ற பேராய்வு, இக்கூட்டு மருந்தால் மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடுவதாகக் கூறி இடையிலேயே நிறுத்தப்பட்டது. உலகெங்கும் மகளிர் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர். அந்த 26 விழுக்காட்டின் பொருளைப் பலர் விளக்கவில்லை. ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் 30 பேர்க்கு வரக்கூடிய நோய் 38 பேர்க்கு வந்தது என்பதே அதன் பொருள். பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதும் கருதத்தக்கது. 60 வயதிற்குட்பட்டோர்க்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாதோர்க்கும், வேறு தடை இல்லையெனில், கடுந்துன்பத்தைத் தணிப்பதில் தீமையைவிட நன்மையே பொதுவாக மிகுதி என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு. மார்பகப் புற்றுநோய் கண்டோர் முதலியோர்க்கு அது பொருந்தாது. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உள்ளன. 2023-இல் அனற்பரவலைத் தணிக்கும் புதுவகை மருந்தொன்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

உடல் ஒன்றாயினும் பட்டறிவு ஒன்றன்று. சப்பானிய மகளிரை ஆராய்ந்து 1993-இல் நூல் வெளியிட்ட மானிடவியலர் மார்கரெட் லாக், வட அமெரிக்கப் பெண்டிரைவிட அவர்கள் அனற்பரவலைக் குறைவாகவே கூறியதை எடுத்துக்காட்டினார். தோள் இறுக்கமே அவர்கள் மிகுதியாகக் கூறிய துன்பம். ஆகவே ஒருத்தியின் துன்பத்தை மற்றொருத்தியின் அளவுகோலால் அளத்தல் கூடாது.

இவ்வரலாறு இரு பெருந்தவறுகளைக் காட்டுகின்றது. இயல்பான மாற்றத்தை நோய் என்று அச்சுறுத்தியது ஒன்று. இயல்புதானே என்று துன்பத்தைப் புறக்கணித்தது மற்றொன்று. இரண்டிலும் பெண்ணின் சொல் கேட்கப்படவில்லை. அக்டோபர் 18-ஆம் நாள் உலக மாதவிடாய் நிறைவு நாளாகப் போற்றப்படுவதன் நோக்கம் அச்சொல்லுக்குச் செவி கொடுப்பதே. நள்ளிரவில் வியர்த்து எழுந்து, விடிந்ததும் ஒன்றும் நேராததுபோல் அடுப்படிக்கோ வகுப்பறைக்கோ செல்லும் தாயர் பலர். “என்னம்மா, உறக்கமில்லையா?” என்று கேட்கும் மகளும், நாணாமல் மருத்துவரிடம் உடன் செல்லும் கணவரும், காற்றோட்டமுள்ள இருக்கையைக் கொடுக்கும் உடன் பணிபுரிவோரும் அவர்களுக்குத் துணையாவர். பேரிளம்பெண்ணோடு நின்றுவிட்ட பருவ வரிசைக்குப் பின்னும் ஒரு பருவம் உண்டு. அதனைப் பெயர் சொல்லிப் பேசும் வீட்டில் துன்பத்தின் பாதி குறைந்துவிடும்.