இசைத்தட்டிலிருந்து இணையம் வரை

இசையை இல்லத்திற்குக் கொணர இசைத்தட்டோ ஒலிநாடாவோ குறுந்தகடோ வேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. செருமானிய ஆய்வாளர்கள் முதன்மைப் பங்காற்றி உருவாக்கிய எம்பி3 முறை, ஒலிக்கோப்பை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. 1999இல் அமெரிக்க இளைஞர் ஷான் ஃபேனிங் தொடங்கிய நாப்ஸ்டர், அக்கோப்புகளைக் கணினிக்குக் கணினி விலையின்றிப் பரிமாற வழிவகுத்தது. இசை நிறுவனங்கள் வழக்காடின. 2001இல் அப்பரிமாற்றம் நின்றது. மக்களின் பழக்கமோ நிற்கவில்லை. ஒரு பாடலுக்காக முழுத் தகட்டையும் வாங்க அவர்கள் ஒருப்படவில்லை. இதனை உணர்ந்த ஆப்பிள், 2003இல் பாடல்களைத் தனித்தனியே 99 சென்டுக்கு விற்றது. 2008இல் சுவீடனின் ஸ்பாட்டிஃபை, பாடலை விற்காது கேட்கும் வாய்ப்பை மட்டுமே வழங்கியது. தட்டு வாங்கியவர் அதனைத் தம் மக்களுக்கு விட்டுச் சென்றார். சந்தா செலுத்துபவர் எதனை விட்டுச் செல்வார்? எளிமையைப் பெற்றோம், உடைமையை இழந்தோம் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.