குழாயும் பூஞ்சையும்

சித்தப்பா ஐசியூவில் இருந்தபோது யூரின் ரிப்போர்ட்டில் 'கேண்டிடா'ன்னு வந்தது. பூஞ்சையாம். வீடே பதறியது. "ஏதாவது மருந்து எழுதுங்க சார்"னு நான் கெஞ்ச, டாக்டரோ யூரின் ட்யூபை மட்டும் எடுக்கச் சொன்னார். இதென்ன வைத்தியம்னு எனக்குச் செம கடுப்பு. அப்புறம் தேடிப் படிச்சதில் கிடைத்த கதை இது.

சிறுநீர்க் குழாய் ரொம்பப் பழசு. 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின், கல்லடைப்பால் அவதிப்பட்ட அண்ணன் ஜானுக்காக வளையும் வெள்ளிக் குழாய் செய்ய வைத்தார். ஆனால் குழாயை உள்ளேயே நிறுத்தணும்னா கட்டியோ ஒட்டியோதான் வைக்கணும். 1930-களில் அமெரிக்காவின் செயின்ட் பால் நகர டாக்டர் ஃப்ரெடெரிக் ஃபோலி நுனியில் குட்டி பலூன் வைத்தார். உள்ளே போனதும் பலூனில் தண்ணீர் ஏற்றினால் நழுவாது. காப்புரிமை என்னவோ பால் ரெய்ஷ் என்பவருக்குப் போனது. பெயர் மட்டும் ஃபோலிக்கு நிலைத்தது.

வசதியோடு வினையும் வந்தது. அப்போதெல்லாம் மறுமுனை திறந்த பாட்டிலில் கிடக்கும். சில நாளிலேயே கிருமி ஏறிவிடும். 1958-ல் பால் பீசன் என்ற டாக்டர் கதீட்டருக்கு எதிராகவே ஒரு தலையங்கம் எழுதினார். 1966-ல் குனினும் மெக்கார்மக்கும், மூடிய பையோடு இணைத்தால் தொற்று தள்ளிப்போகும் என்று காட்டினார்கள்.

இதற்கிடையில் ஆன்டிபயாடிக் காலம். பாக்டீரியாவை அது துரத்த, காலியான இடத்தில் பூஞ்சை குடியேறியது. கேண்டிடா குழாய் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், மருந்து அதற்குள் சரியாக நுழையாது. 1950-ல் ஹேசன், பிரவுன் என்ற இரு பெண்மணிகள் அறிவித்த நிஸ்டாடின் வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் சேராது, சிறுநீருக்கும் வராது. சிறுநீரில் நன்றாக இறங்கும் ஃப்ளூகோனசோலுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1990-ல்.

அப்பாடான்னு இருந்தால், 2000-ல் வந்தது ஓர் ஆய்வு. பெரிதாகத் தொந்தரவு இல்லாத 316 நோயாளிகள். 14 நாள் ஃப்ளூகோனசோல் சாப்பிட்டவர்களுக்குப் பூஞ்சை அதிகம் மறைந்தது நிஜம். ஆனால் மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் இவர்களும் ஏறக்குறைய ஒரே நிலை! தொந்தரவு இல்லாதவர்களுக்குக் குழாயை எடுப்பதே முதல் வைத்தியம் என்றானது. (வெள்ளணு குறைந்தவர்கள், எடை மிகக் குறைந்த பச்சிளம் குழந்தைகள் என்றால் கதை வேறு.)

சித்தப்பாவுக்கு அடுத்த ரிப்போர்ட் சுத்தம். இப்போ ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: "இந்த ட்யூப் இன்னும் தேவையா டாக்டர்?"

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. கேள்வி கேட்கத்தான் சொல்றேன், நீங்களே பிடுங்கிடாதீங்க!