சொல் வந்த பாதை – 12: என்ன விசேஷம்?

சென்ற வாரம் 'சபை' என்ற சொல்லைப் பார்த்தோம். ஊர்ப் பொதுக்கூட்டத்தைக் குறித்த 'எக்ளேசியா' எப்படித் திருச்சபை ஆனது என்று பேசினோம். இந்த வாரம் அந்தச் சபையைக் கூட்டிய சொல்லைத் தேடிப் பெங்களூருக்குப் போவோம்.

செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகரில் கால் வைக்க இடமிருக்காது. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு எதிரே தூய மரியன்னை பேராலயம். கொடியேறிய நாளிலிருந்தே காவி உடுத்திய பக்தர்கள் வந்தபடி இருப்பார்கள். பூச்சரம், மெழுகுவத்தி, நேர்ச்சைக் காணிக்கை, மாலையானால் தேர். மாதாவின் பிறந்த நாள் அது. செஞ்சிப் பக்கமிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் எழுப்பிய சிறு கோயில்தான் இதன் தொடக்கம் என்பது இங்குள்ள மரபு. 'காணிக்கை மாதா கோயில்' என்பது பழைய பெயர். பிரெஞ்சுக் குருவான ஆபே துபுவா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பணியாற்றினார். இன்று நாம் பார்க்கும் கூர்கோபுரக் கோயில் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. 1974இல் பசிலிக்கா ஆனது.

இந்தச் சதுக்கத்தில் நின்று, இயேசுவின் கதையைச் சொல்லும் நூலுக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். தமிழர் 'சுவிசேஷம்' என்பார், அல்லது 'நற்செய்தி' என்பார். கன்னடர் 'சுவார்த்தெ' என்பார். கன்னடக் கத்தோலிக்கர் 'சுபசந்தேஷ' என்பார். தெலுங்கர் 'சுவார்த்த', மலையாளி 'சுவிசேஷம்'. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வழிபாட்டு மொழியில் 'ஏவன்கேலியோன்' என்பார். சந்தைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து வருபவர், ஈசா நபிக்கு இறங்கிய வேதம் 'இன்ஜீல்' என்பார். கடைசி இரண்டும் மூலச் சொல்லின் ஒலியையே சுமந்து வந்தவை. மற்றவை அதன் பொருளைப் பெயர்த்தவை. மூலம் கிரேக்கத்தின் 'எவங்கேலியோன்'.

இந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் வேதத்துக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல சேதி கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கும் கூலிதான் அதன் பழைய பொருள். ஹோமரின் ஒடிசியில் ஒரு காட்சி. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த ஊருக்கு வருகிறான். தன் பன்றி மேய்ப்பன் யூமையசின் குடிசையில் உட்கார்ந்து, "உன் எஜமான் வரப்போகிறான், வந்ததும் இந்தச் சேதிக்கு எனக்கு நல்ல உடுப்பு தர வேண்டும்" என்ற பொருளில் பேரம் பேசுகிறான். அந்தக் கூலிக்குத்தான் எவங்கேலியோன் என்று பெயர். அதைக் கொடுக்க வேண்டிய நாள் வரவே வராது என்று யூமையஸ் கையை விரிக்கிறான். எஜமானோ எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான்!

ஸ்பார்ட்டாக்காரர்கள் இதிலும் சிக்கனம். கி.மு. 418இல் மன்டினேயா வெற்றிச் சேதியோடு ஓடிவந்தவனுக்குப் பொதுப் பந்தியிலிருந்து ஒரு துண்டு இறைச்சி அனுப்பினார்களாம், புளூட்டார்க் சொல்கிறார். நம் ஊரில் 'உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்' என்கிறோமே, அதேதான். சர்க்கரைக்குப் பதில் இறைச்சி.

நாளடைவில் கூலியைக் குறித்த சொல் சேதியையே குறிக்கத் தொடங்கியது. சேதி வந்ததும் கடவுளருக்கு இடும் நன்றிப் பலிக்கும் அதே பெயர். ஆக ஒரே சொல்லுக்குள் சேதி, கொண்டாட்டம், காணிக்கை மூன்றும் அடங்கின. இதை மனத்தில் முடிந்துகொள்ளுங்கள், கடைசியில் அவிழ்ப்போம்.

அடுத்துச் சொல் அரண்மனைக்குள் நுழைகிறது. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் பிரியேனே என்ற பழைய ஊர். அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டு கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேரரசர் அகஸ்டசுக்குப் புதுவிதமான மரியாதை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குக் கிரீடம் என்று ஆசிய மாகாண நகரங்கள் அறிவித்திருந்தன. ஆளுநர் பவுலஸ் ஃபேபியஸ் மாக்சிமஸ் சொன்ன யோசனைக்குப் பரிசு கிடைத்தது. அகஸ்டஸ் பிறந்த செப்டம்பர் 23ஆம் நாளையே இனி ஆண்டுப் பிறப்பாக வைத்துக்கொள்வோம் என்பதுதான் அந்த யோசனை. அந்தத் தெய்வத்தின் பிறந்த நாளோடுதான் உலகுக்கு நற்சேதிகள் தொடங்கின என்கிறது கல்வெட்டு. மீட்பர், அமைதி தந்தவர் என்றெல்லாம் அடைமொழிகள். பின்னால் வெஸ்பாசியன் பட்டமேறிய சேதி வந்தபோதும் ஊருக்கு ஊர் விழா எடுத்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அவரும் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்.

இன்னொரு கிளை எருசலேமில் இருந்து வருகிறது. பாபிலோனியச் சிறையிருப்பு முடியப்போகிறது, கடவுளே அரசாளத் திரும்பி வருகிறார் என்று மலைமேல் ஓடிவரும் தூதன் ஒருவனை ஏசாயா நூல் வரைகிறது. எபிரேயத்தில் அவன் 'மெவசேர்', சேதி கொண்டுவருபவன். அந்நூல் கிரேக்கத்துக்குப் பெயர்ந்தபோது இங்கும் 'எவங்கேலியோன்' குடும்பத்து வினைச்சொல்லே வந்து உட்கார்ந்தது. கிறிஸ்தவர்கள் சொல்லை எடுத்தது ஏசாயாவிடமிருந்தா, அரசவையிலிருந்தா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கேட்டவர்களின் காதில் இரண்டும் சேர்ந்தே ஒலித்திருக்கும் என்பது என் கட்சி. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எழுந்து வாசித்ததாக லூக்கா காட்டுவது ஏசாயாவை: ஏழைகளுக்குச் சேதி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை. தெசலோனிக்கேயின் கடைத்தெருவில் அதே சொல்லைக் கேட்ட தோல் தொழிலாளிக்கோ, முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது பேரரசரின் விழாதான்.

அவனிடம் அந்தச் சேதியை ஊர் ஊராகக் கொண்டுபோன திருத்தூதர் பவுல் என்ன சொல்லியிருப்பார்? பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறத்தாழ கி.பி. 50. இன்று நம் கையில் இருக்கும் நான்கு நற்செய்தி நூல்களில் ஒன்றுகூட அப்போது எழுதப்படவில்லை. ஆனாலும் 'எவங்கேலியோன்' அவர் வாயில் ஓயாத சொல். புதிய ஏற்பாட்டில் அது 76 முறை வருகிறது. அதில் 60 முறை பவுலின் பெயரிலுள்ள கடிதங்களில். ஓரிடத்திலும் அவர் அதைப் புத்தகம் என்ற பொருளில் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது அதன் சுருக்கத்தைத் தருகிறார்: மெசியா இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார், பலர் கண்டார்கள். இது தன் சொந்தச் சரக்கு அல்ல, தனக்கு வந்து சேர்ந்ததைக் கைமாற்றுகிறேன் என்கிறார். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நான்கு வரிச் சேதி. வாயால் சொல்லி, காலால் நடந்து, சாலை சாலையாகப் போன சேதி.

கேட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். அரசன் பிறந்தான், அரசன் வென்றான் என்பவை நற்சேதிகள். ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து சிலுவையில் அறைந்து கொன்ற ஒரு கலிலேயத் தச்சனைப் பற்றிய சேதி எப்படி நற்சேதி ஆகும்? யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியக்காரத்தனம் என்று பவுலே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அந்தச் சொல்லை அவர்கள் விடவில்லை. ஓர் இலக்கண நுணுக்கத்தையும் கவனியுங்கள். பிரியேனே கல்வெட்டில் அது பன்மை: நற்சேதிகள். வெற்றிக்கு ஒன்று, பட்டமேற்புக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். புதிய ஏற்பாட்டில் எங்கு பார்த்தாலும் ஒருமை. அவர்களுக்கு ஒரே சேதி.

ஏறத்தாழ கி.பி. 70இல் மாற்கு தன் நூலை இந்தச் சொல்லோடு தொடங்குகிறார். லூக்காவோ அகஸ்டசின் பெயரைச் சொல்லி, அவர் இட்ட குடிக்கணக்குக் கட்டளையைச் சொல்லி, அதே மூச்சில் இரவுக் காவலில் இருக்கும் இடையர்களிடம் வானதூதரை அனுப்புகிறார். பிறப்பு, மீட்பர், அமைதி, நற்சேதி என்று கல்வெட்டில் பார்த்த சொற்களெல்லாம் அங்கே ஆட்டுக்கிடைக்கு இறங்கி வருகின்றன.

சேதி நூலானது அதன் பிறகுதான். கி.பி. 155 வாக்கில் ரோமில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தின், அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளுக்கு 'எவங்கேலியா' என்ற பெயர் உண்டு என்கிறார். கி.பி. 180ஐ ஒட்டி லியோனின் ஆயர் இரேனேயு, ஒரே நற்செய்தி நான்கு வடிவில் என்று வாதிடுகிறார். வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் பாப்பிரஸ் 75 என்ற பழஞ்சுவடியின் ஓர் ஏட்டில் லூக்கா முடிகிறது. அதே பக்கத்தில் யோவான் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே தலைப்புகள்: லூக்காவின்படி நற்செய்தி, யோவானின்படி நற்செய்தி. அந்தப் 'படி'தான் முக்கியம். கம்பர் சொன்னபடி ராமன் கதை என்பதுபோல: கதை ஒன்று, சொன்னவர் பலர். நம் பழைய தமிழ் பைபிளின் 'மத்தேயு எழுதின சுவிசேஷம்' என்ற தலைப்பில் அந்தப் 'படி' உதிர்ந்துவிட்டது.

தமிழுக்கு அது அச்சில் வந்த கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1708இல் மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1714இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சேறின. அடுத்த ஆண்டு புதிய ஏற்பாடு முழுவதும். இந்திய மொழி எதிலும் அதுவே முதல். இன்று இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகம் இருப்பது பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'நற்செய்தி' நிலைபெற்றது. சீர்திருத்தச் சபைகளில் 'சுவிசேஷம்' அசையாமல் இருக்கிறது.

எது சரி? 'நற்செய்தி' நல்ல தமிழ். அது நூல் அல்ல, செய்தி என்பதைக் கேட்டதும் உணர்த்திவிடும். ஆனால் 'விசேஷம்' வடமொழியிலிருந்து வந்தாலும் நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை. "அப்புறம், என்ன விசேஷம்?" என்றால் சேதி கேட்கிறோம். "வீட்டில் விசேஷம்" என்றால் கல்யாணமோ காதுகுத்தோ. "மருமகளுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டால், பிறக்கப்போகும் பிள்ளை. முன்பு முடிந்துவைத்ததை இப்போது அவிழ்க்கலாம்: சேதி, கொண்டாட்டம், ஒரு பிறப்பு. பிரியேனே கல்லில் இருந்ததும், பெத்லகேம் இடையர் கேட்டதும் இவைதாம். காணிக்கை ஒன்றுதான் பாக்கி. அதைச் சிவாஜிநகரில் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பவர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கப்பற்படைப் பயணத்தைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல் எப்படி 'அப்போஸ்தலர்' ஆகிக் கரையேறியது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)